பட்டாணி அளவு

உங்கள் மூக்கின் ஓரத்தில் தோல் உரிகிறது, மேடம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தொழில் அப்படி. எதிரில் உட்காருகிறவரின் முகம்தான் முதலில் கண்ணில் படும். குளிக்கிற சோப்பையே முகத்துக்கும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷுக்கு மாறுங்கள். கழுவிய பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். ரோந்து போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள். சீக்கிரம் சரியாகிவிடும்.

டீ வேண்டாம். நீங்கள் ஆள் அனுப்பாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன் என்பதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். போன முறை நீங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். இன்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். முகத்துக்குப் போடுவதிலும் எதை முதலில் போடுகிறோம், எதை அடுத்துப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் பெயர் நீலாஞ்சனா. செஞ்சி பஜாரை ஒட்டிய தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அண்ணன் குந்துநாதன் வேர்க்கடலை மண்டி நடத்துகிறார். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே என் கணவர் இறந்துபோனார். நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதே வருஷம் அண்ணியும் காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போன குழந்தைதான் மதுமிதா. அப்போது அவளுக்கு நடை கூடச் சரியாக வரவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கு அம்மா இல்லை. இரண்டு குறையும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அடைத்துக்கொண்டன.

எங்கள் பார்லரில் தேன் ஃபேசியல் கிடையாது. நாங்கள் சமணர்கள். தேன் எடுத்தால் தேனீ சாகும். நத்தையிலிருந்து எடுத்த சீரம், பூச்சியை அரைத்த சிவப்புச் சாயம் போட்ட லிப்ஸ்டிக், எதையும் கடைக்குள் விடமாட்டேன். ஒவ்வொரு டப்பியையும் திருப்பி, பொடி எழுத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பேன். சாமுண்டீஸ்வரி என்று ஒரு டீச்சர் புருவம் எடுத்துக்கொள்ள வருவாள். நாற்காலியில் சாய்ந்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னா நீலாக்கா, ஹனி ஃபேசியல் இல்லாத பார்லரை உங்கிட்டதான் பாக்கறேன். தேனீக்கு இன்னா, மறுபடியும் பூவுக்குப் போயி உறிஞ்சிக்கும்."

"உன் டிபன் பாக்ஸை நான் புடுங்கித் தின்னுட்டு, வூட்டுக்குப் போயி மறுபடி ஆக்கிக்கன்னு சொன்னா உட்டுடுவியா?"

"தோ, வாயைப் பாரு. எறும்புக்கு வழி உட்டு நடக்கற ஆளுகிட்ட வந்து மாட்டிக்கினேன்."

அந்தப் பேர்தான் என் கடைக்கு மூலதனம். நீலாக்கா கையில் எதுவும் சாகாது என்ற பேர். மதுவும் அந்தப் பேரைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

கல்லூரியில் படிக்கும்போது அவளுக்குக் கன்னம் முழுக்கப் பரு. கூடப் படிக்கிறவர்கள் சொன்னதையெல்லாம் தடவுவாள். எலுமிச்சைச் சாறு, பல் விளக்கும் பேஸ்ட், யாரோ கொடுத்த பேர் தெரியாத கிரீம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டு, "ஆறு மாசம் என் பேச்சைக் கேளு" என்றேன். அப்போதுதான் அவளுக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தேன்.

ஆக்டிவ் என்று சொல்கிற சரக்கு எதுவாக இருந்தாலும், அது தோலுக்குள் போய் வேலை செய்யும் சரக்கு. அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். முதலில் வெறும் ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். தோல் அமைதியான பிறகுதான் நியாசினமைடு சீரம். அதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, சிவக்கவில்லை என்றால்தான் முகத்துக்கு. அது பழகிய பிறகு, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் சாலிசிலிக் ஆசிட். அதற்கும் பிறகு, படுக்கப் போகும் முன் ரெட்டினால் கிரீம், பட்டாணி அளவு. பட்டாணி அளவு என்றால் பட்டாணி அளவுதான். அதிகம் போட்டால் சீக்கிரம் பலிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதிகம் போட்டால் எரியும், அவ்வளவுதான். மிருதுவாகச் செய்வதற்குப் பொறுமை வேண்டும்.

நானே அவள் முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, மோதிர விரலால் பரப்பி விடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கல்லூரிக் கதையெல்லாம் சொல்லுவாள். அவள் படிப்பு முடிவதற்குள் முகம் துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி ஆகிவிட்டது. அவலூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கூட்டியில் போய் வருவாள். இதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

அதன் பிறகுதான் ஜாதகம் வர ஆரம்பித்தது.

ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு வரன். நல்ல குடும்பம். பையனுக்கு மும்பையில் வேலை. அண்ணன் மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"நீலா, வர்ற மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க. முடிஞ்சுதுன்னா நம்ம கடமை தீந்துச்சி."

எனக்கு அந்தக் கடமை என்ற வார்த்தை பிடிக்கவில்லை. சோறு வடித்துக்கொண்டே யோசித்தேன். இவள் மும்பைக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் அத்தை என்று கூப்பிட யார் இருப்பார்கள். அண்ணன் பேசுவதே நாளுக்கு நாலு வார்த்தை. அதிலும் இரண்டு வார்த்தை மூட்டை விலை பற்றி.

கெட்ட எண்ணம் எதுவும் அன்றைக்கு என் மனதில் இல்லை. கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்று இருந்தது. அவளுடைய சன்ஸ்கிரீன் டியூபை வெட்டி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, கைக்குப் போடும் சாதாரண லோஷனை நிரப்பி, வெட்டிய இடத்தைத் தலைமுடி நேராக்கும் சூட்டுக் கருவியால் ஒட்டினேன். இரண்டும் ஒரே வெள்ளைதான். ரெட்டினால் போடும் முகத்துக்குச் சன்ஸ்கிரீன் இல்லை என்றால், அது கவசம் இல்லாமல் வெயிலில் நிற்பது மாதிரி. நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மேலிருந்து பாதி, கோட்டைப் பாறையிலிருந்து பாதி. அவள் நம்பிக்கையோடு அந்த லோஷனைத் தடவிக்கொண்டு தினமும் அவலூர்பேட்டைக்குப் போய் வந்தாள். பெண் பார்க்க வரும் வாரத்தில் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் காப்பித் தூள் கொட்டின மாதிரி திட்டு திட்டாகக் கருப்பு.

அவர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். போன் வரவில்லை.

மது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "எல்லாம் ஒழுங்கா போட்டேனே அத்தை. நீ சொன்ன மாதிரிதானே போட்டேன். நீ மட்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, மேடம், அதை நான் மறுபடியும் கேட்க ஆசைப்பட்டேன். காரணம் காரணம் என்று போன முறை கேட்டீர்கள். அதுதான். வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது.

திட்டுகளை நானே போக்கினேன். மெடிக்கல் ஷாப்பில் ரஞ்சித் என்கிற பையன் இருக்கிறான். சொறி, படைக்குப் போடும் ஸ்டீராய்டு கிரீமை அவனிடம் வாங்கினேன். ஊரில் பாதிப் பேர் சிவப்பாக வேண்டும் என்று அதைத்தான் முகத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அதில் கொஞ்சம் எடுத்து மாய்ஸ்சரைசரில் கலந்தேன். ஒரே வாரத்தில் மதுவின் முகம் ரோஜா நிறத்துக்கு வந்தது. சாமுண்டீஸ்வரி கூட அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாத்த போட்ட இவளுக்கு, எனக்கும் கொஞ்சம் குடு" என்றாள். கொடுக்கவில்லை. அது நல்ல கிரீம் இல்லை என்று எனக்குத் தெரியும். கஸ்டமருக்கு அதைக் கொடுப்பது தர்மம் இல்லை.

அந்தக் கிரீமின் குணம் என்னவென்றால், போடுகிற வரைக்கும் முகம் பளபளக்கும், நிறுத்தினால் பழி வாங்கும். நெருப்புப் பட்ட மாதிரி சிவக்கும், பொரியும், அரிக்கும். மறுபடி போட்டால் அடங்கும். எனவே ஒரே மாதிரி இரண்டு டப்பி வைத்துக்கொண்டேன். ஒன்றில் கலந்தது, மற்றதில் கலக்காதது. எந்தச் சமயத்தில் எந்த டப்பி மேஜைக்கு வருகிறதோ, அந்தச் சமயத்தில் அந்த முகம். ஜாதகம் பொருந்தியது என்று அண்ணன் சொன்னால் ஒரு டப்பி. பேச்சு நின்றுபோய் மது சோர்ந்து உட்கார்ந்தால் இன்னொரு டப்பி. அவளை அழ வைத்ததும் நான்தான், சரியாக்கியதும் நான்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது சரியாக்கியது மட்டும். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம் அதற்கு முன் இருந்ததில்லை.

ஜீவகன் வந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது.

மேல்சித்தாமூர் கோயில் விழாவுக்கு மது அவள் அப்பாவோடு போயிருந்தாள். எனக்குக் கடையில் மணப்பெண் அலங்காரம் ஒன்று இருந்ததால் போகவில்லை. அப்போது மேஜையில் இருந்தது கலக்காத டப்பி. முகம் முழுக்கச் சிவந்து பொரிந்து கிடந்தது. அந்த முகத்தோடு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவளை ஜீவகன் பார்த்திருக்கிறார். வந்தவாசிக்காரர். ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அடுத்த வாரமே அம்மாவோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பொண்ணு மூஞ்சி அடிக்கடி இப்டி ஆவுது. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "சரியாவும் அத்தை. ஆவாட்டி போவுது. எனக்கும்தான் இந்த வயசுலயே முன்னாடி சொட்டை வுழுந்துடுச்சி. அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லலியே."

உள்ளே கதவுக்குப் பின்னால் மது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. முதல் தடவையாக வந்த மனிதர், அவள் என்னைக் கூப்பிடுவது போலவே அத்தை என்று கூப்பிட்டுவிட்டார்.

அவருடைய தங்கை கல்யாணம் முடிந்த பிறகு இவர்கள் கல்யாணம் என்று பேசினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகும். மது நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தாள். கிரீம் போட உட்காரும்போது இப்போதெல்லாம் பள்ளிக் கதை இல்லை. "அவர் சொன்னாரு அத்தை", "அவர் கேட்டாரு அத்தை." ஒருநாள், "நீயும் எங்ககூட ஓசூருக்கு வந்துடணுமாம். மாடியில தனி ரூம் கட்டித் தர்றேன்றாரு" என்றாள். மாடியில் தனி ரூம். விருந்தாளிக்குக் கட்டுவது அது. எனக்கு மரியாதையாகப் படவில்லை.

முகம் எப்படி இருந்தாலும் அவர் வருவார் என்று ஆகிவிட்டது. அப்புறம் முகத்தை வைத்து என்ன செய்வது.

"ராத்திரியெல்லாம் போன் பேசிக் கண்ணைச் சுத்திக் கருப்பு வுழுந்துடுச்சி பாரு" என்று சொல்லி, கண்ணுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பி கொடுத்தேன். இமை மேலே, கண்ணுக்குக் கீழே, பட்டாணியில் பாதி. அதில் மாய்ஸ்சரைசர் எதுவும் கலக்கவில்லை, முழுக்க அந்த ஸ்டீராய்டு கிரீம்தான். அடிக்கடி வாங்க ஆரம்பித்ததும் ரஞ்சித் ஒருநாள் டியூபைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, யாருக்கு இது? கண்ணுகிட்ட மட்டும் போட்டுடாதீங்க. உள்ள பிரஷர் ஏறி கண்ணு போயிடும். போச்சுன்னா திரும்பி வராது. எங்க சித்தப்பாவுக்கு அப்டித்தான் ஆச்சி."

"தெரியும் தம்பி. கால் படைக்குத்தான்" என்றேன்.

கண் போகட்டும் என்று நினைத்து நான் போடவில்லை, மேடம். போகலாம் என்று தெரிந்து போட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் எழுதும்போது அந்த வித்தியாசம் விட்டுப்போகக் கூடாது.

மாதங்கள் போயின. முதலில், "லைட்டைச் சுத்தி கலர் வளையம் தெரியுது அத்தை" என்றாள். கல்யாண டென்ஷன், போனைக் குறை என்றேன். பிறகு, வாசற்படி ஓரத்தில் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் நிற்கிற ஆளைக் கவனிக்காமல் போவாள். சாமுண்டீஸ்வரி கூட, "கல்யாணப் பொண்ணுக்குத் தலைக்கனம் வந்துடுச்சிபா, எதுக்க வந்தாக்கூட பேச மாட்டேன்றா" என்று கிண்டல் செய்தாள். மதுவும் சிரித்துவைத்தாள். அவளுக்கு நேரே பார்ப்பது தெரிந்தது. ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்தன. அது வலிக்காத நோய். ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். அவ்வளவு மெதுவாக வருவதால் வருவதே தெரியாது.

சிங்கவரம் திருப்பத்தில் ஒரு மாட்டு வண்டியின் பின்பக்கத்தில் ஸ்கூட்டியை மோதினாள். பெரிய அடி இல்லை, முழங்கை சிராய்ப்பு. "வண்டி எங்கேருந்து வந்துதுன்னே தெரில அத்தை, திடீர்னு முன்னாடி நிக்குது" என்றாள். அண்ணன் ஸ்கூட்டி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். கண் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். அடுத்த மாதம் ஊரிலேயே இலவச கண் முகாம் வருகிறது, காட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அப்படி ஒரு முகாம் இல்லை. அவர் கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம் என்று தள்ளினேன். மது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். நான் கடையைப் பாதி நாள் மட்டும் திறந்தேன். மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். அந்தச் சில மாதங்களைத்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்று சொல்வேன்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டோம். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி தெரியாமல் உணவில் விழுந்து செத்துப்போகும் என்பதற்காக முன்னோர் வைத்த பழக்கம். மது சின்ன வயதிலிருந்தே அதில் கறார். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட இருட்டிய பிறகு கஞ்சி குடிக்கமாட்டாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் இருவருக்கும் தட்டு வைத்திருந்தேன். தோசையும் பருப்புத் துவையலும். மேற்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்து அவள் தட்டின் மேல் கிடந்தது. எவர்சில்வர் தட்டு கண்ணைக் கூச வைத்தது.

மது தோசையைப் பிட்டுவிட்டு நிறுத்தினாள். "பொழுது போயிடுச்சா அத்தை? லைட்டு போடலியா?"

எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெயில் அவள் கண்ணுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. அவள் இமைக்கவில்லை.

"ஆமாம் கண்ணு. போயிடுச்சி" என்றேன்.

"அப்ப வேணாம்" என்று பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். காலையில் சரியாகச் சாப்பிடாதவள். பசியோடு எழுந்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக. இன்னும் வெயில் அடிக்கிறது என்று எப்படிச் சொல்வது. ஒரு வேளை பட்டினி கிடப்பது அதைவிட லேசு என்று எனக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். மண்டியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். "இன்னாமா, துன்னாம எழுந்துட்ட?"

"பொழுது போயிடுச்சே நைனா."

"யார் சொன்னது? தோ, சூரியன் கோட்டைக்கு மேல நிக்குது."

"எங்க நைனா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தேடினாள். அண்ணன் அவளையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். சட்டையைக்கூட மாற்றாமல் கார் பிடித்துப் புதுச்சேரிக்கு அவளைக் கூட்டிப்போனார். நானும் போனேன். வழி முழுக்க அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, முகத்துக்கு என்ன போடுகிறாய் என்பதுதான். ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கு வரும் கண் அழுத்தம் இது என்றார். மது எனக்காகப் பேசினாள்.

"அதெல்லாம் இல்ல டாக்டர். எங்க அத்தைதான் எனக்குப் போடறாங்க. தேன்கூட சேக்க மாட்டாங்க. எல்லாமே மைல்டுதான்."

டப்பியைக் கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டு டப்பியில் எதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மீதி டப்பிகளைக் கழுவி வைத்துவிட்டேன். அதனால்தான் அண்ணன் உங்களிடம் வந்து புகார் கொடுத்தும் உங்களால் மேலே போக முடியவில்லை. மது உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னாள், ஞாபகம் இருக்கும். "எங்க அத்தை எறும்பு போற பாதையில கால் வைக்க மாட்டாங்க மேடம். எங்க நைனாவுக்கு துக்கத்துல ஒண்ணும் புரியல." அதன் பிறகு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீட்டை விட்டுப் போ என்று சொல்லப் பார்த்தார். மது விடவில்லை. அத்தை போனால் நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா சொன்னது இதுதான். இடது கண் போனது போனதுதான். வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு காசு அளவுக்குப் பார்வை மிச்சம் இருக்கிறது. காலையும் மாலையும் சொட்டு மருந்து போட வேண்டும். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. போட்டால் அழுத்தம் குறைந்து மங்கல் தெளியும், அந்தக் காசு அளவு பார்வை கடைசி வரைக்கும் நிற்கும். அதை வைத்துக்கொண்டு படிக்கலாம், எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்க்கலாம். ஆபரேஷன் வேண்டுமா என்று அடுத்த பரிசோதனையில் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஜீவகன் பின்வாங்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கல்யாணத் தேதியை முன்னால் இழுத்தார். "ஒரு கண்ணு போதும்டி, என் சொட்டையப் பாக்க" என்று போனில் சொன்னாராம். மது அழுதுகொண்டே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சொட்டு மருந்தை நான்தான் போட்டேன். என் மடியில் தலையை வைத்துக் கண்ணைத் திறந்து காட்டுவாள். ஆரம்பத்தில் அந்த மருந்து அவளுக்கு எரிந்தது. விழுந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொள்வாள், கண் சிவந்து நீர் கொட்டும். சின்ன வயதிலிருந்தே எரிச்சல் தாங்காத தோல் அவளுக்கு. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மருந்தைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அந்த பாட்டிலில் நிரப்பினேன். அதன் பிறகு எரியவில்லை. அடுத்து வாங்கிவந்த பாட்டிலுக்கும் அப்படியே செய்தேன். "மருந்து பழகிடுச்சி அத்தை, இப்பல்லாம் ஜில்லுன்னு இருக்குது" என்று சொன்னாள். அவ்வளவு நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

ஜீவகன் போன ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். பத்திரிகை கொடுக்கும் வேலை இருக்கிறது என்று அண்ணன் அவரை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார். அன்று மாலை நான் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பாட்டிலை எடுத்ததும் அவர் கையை நீட்டினார்.

"குடுங்க அத்தை, இனிமே நான் போடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான்தானே போடணும். இப்பவே பழகிக்கிறேன்."

"அய்ய, நீங்க மூக்குல உடுவீங்க" என்றாள் மது. ஆனால் அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது. இருவரும் சிரித்தார்கள். இரண்டாவது சரியாக விழுந்தது. "டாக்டரம்மா எரியும்னு சொன்னாங்களே, எரியலியா?" என்று கேட்டார். "சுத்தமா எரியல" என்றாள். அவர் கைக்குட்டையால் அவள் கன்னத்தை ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நான் பாட்டில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னை இருவருமே பார்க்கவில்லை. அவள் பார்க்காததற்குக் கண் காரணம். அவருக்கு என்ன.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவர்தான் போடுகிறார். போனில் அலாரம் வைத்திருக்கிறார். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

நேற்று மத்தியானம் மது அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். நெற்றி, மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக. அவர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும், அவள் தேடுகிறாள். அந்தக் காசு அளவும் போய்க்கொண்டிருக்கிறது. அவரிடம் சொல்ல அவளுக்குப் பயம். என்னிடமும் இந்தத் தடவை சொல்லவில்லை.

அதற்காகத்தான் வந்தேன், மேடம். கிரீமுக்காக என்றால் வந்திருக்கமாட்டேன். அதற்கு உங்களிடம் சாட்சி இல்லை. நீங்கள் வாசலில் நிற்கிற பெண் போலீஸை அனுப்பி சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துவரச் சொல்வது சரிதான். மாலை வேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அந்தப் போலீஸ்காரம்மா கிளம்புவதற்குள் நீங்கள் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் சொன்ன எல்லாவற்றையும் என் பெயரிலேயே எழுதிக்கொண்டு போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து அந்தக் கண்ணில் தண்ணீரை ஊற்றியது ஜீவகன். என் கையில் இருந்தவரைக்கும் அவளுக்குப் பார்வை இருந்தது. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.